பிடித்தால் பிடிக்காது

"தாடை எலும்புல சின்னதா ஒரு ஸ்க்ரூ வைப்போம். மூணு மாசத்துல எலும்பு அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். அப்புறம் மேல பல்லை மாட்டிடலாம்" என்றார் பல் டாக்டர். "ஆனா சிகரெட் பிடிச்சா, எலும்பு பிடிக்காம ஸ்க்ரூ ஆடிப்போயிடும். மறைக்காம சொல்லணும். பழக்கம் உண்டா?"

அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். பக்கத்திலேயே அம்மா.

"சேச்சே, இல்ல டாக்டர்." அவன் முந்திக்கொண்டான்.

"புளுகாதடா!" அம்மா சீறினாள். "நல்லாக் கேளுங்க டாக்டர்! இவனுக்குக் கல்யாணமானதுலேருந்து பாத்ரூம் பூரா சிகரெட் நாத்தம். கேட்டா, 'இனிமே பிடிக்கலம்மா'ன்னு தலையைச் சொறிவான். நாலு வருஷமா இதே கதை!"

அவன் தலை குனிந்தான். "சரிம்மா, பிடிக்கிறேன். இப்ப அதை விடேன்."

"அவர் பிடிச்சா பிடிக்கட்டும்மா" என்றார் டாக்டர். "பல் கட்டிக்கப்போறவங்க சொல்லட்டும்."

சாய்வு நாற்காலியில் படுத்திருந்த அவன் மனைவி, கணவனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். வாயிலிருந்த பஞ்சை மெல்ல வெளியே எடுத்தாள்.

"ஒரு நாளைக்கு மூணு, டாக்டர். அவர், பாவம், தொட்டதே இல்ல."