மாசம் மொதல்ல, அண்ணாச்சி

சென்டரில் பாடம் எடுத்த பரமசிவனைப் போன மாதம் ஐந்தருவி வெள்ளம் கொண்டுபோன பிறகு, அவர் தயாரித்த ஃப்ளாப்பியைச் சோதிக்கும் வேலை ருக்மிணியின் தலையில் விழுந்தது. தென்காசி கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் மெஷின்கள் இருந்தன. மூன்றிலும் அது ஓடினால்தான் இன்று வகுப்பு.

ஃப்ளாப்பியைப் போட்டதும் திரை தேதி கேட்கும். மாதத்தை முதலில் அடிக்க வேண்டும். பரமசிவனோ தினமும் நம்மூர் வழக்கப்படி தேதியை முதலில் அடிப்பார். தவறு என்று வரும். "மாசம் மொதல்ல, அண்ணாச்சி" என்பாள் ருக்மிணி. சிரித்துக்கொண்டே திருத்துவார்.

முதல் மெஷினில் அவள் கைவைக்கும் முன்பே 21-7-87 என்று விழுந்தது. இன்றைய தேதிதான். தவறு என்றது திரை. இந்த மெஷின்களுக்குள் கடிகாரம் கிடையாது; யாராவது அடித்தால்தான் தேதி தெரியும். அவள் 7-21-87 என்று திருத்தினாள். இரண்டாவதிலும் அப்படியே வந்தது. திருத்தினாள்.

மூன்றாவது, புது மெஷின். கீபோர்டு இன்னும் அட்டைப்பெட்டியில் இருந்தது. ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கலாமென்று ஃப்ளாப்பியைப் போட்டாள்.

21-7-87. தவறு. மறுபடியும் 21-7-87. தவறு. வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின.

"ஏட்டி ருக்மிணி, ஓடுதா இல்லையா?" என்று வாசலிலிருந்து கேட்டாள், கூட வேலை பார்க்கும் அகிலாண்டம். "பிள்ளைகள்லாம் வெளிய நிக்குது."

ருக்மிணி திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"மாசம் மொதல்ல, அண்ணாச்சி."

வரிகள் நின்றன. கொஞ்ச நேரம் கழித்து, திரையில் ஏழு விழுந்தது.