பதிலுக்கு விட்ட இடம்

நாகப்பட்டினத்து வீட்டுக் கூடத்தில் மதிய வெயில் பழைய கேசட்டுகளின் மேல் சரிந்து கிடக்கிறது. லியாகத் அலி ஆசைக்குச் சேர்த்தவை, இப்போது நல்ல விலை போகின்றன. பக்கத்தில் அவருக்கு மூடி வைத்த சோற்றுத் தட்டு அப்படியே இருக்கிறது. ஒரத்தநாட்டிலிருந்து வாங்க வந்த பரிதி, ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை ஓடவிட்டுப் பார்க்கிறான். பாட்டு பாதியில் அறுந்து, பெண்குரல் வருகிறது. லியாகத் அலி துபாயில் இருந்தபோது, கடிதம் எழுதுவதற்குப் பதிலாக அவர் மனைவி ஹபீபுன்னிசா அந்தப் பாட்டின் மேலேயே பேசிப் பதிந்து அனுப்பியது. அவள் மவுத்தாகி, அடக்கம் செய்து வருஷங்களாகின்றன. “என்னங்க, சாப்பிட்டீங்களா?” கேட்டுவிட்டு, எதிரில் ஆள் இருப்பதுபோலப் பதிலுக்கு இடம் விடுகிறாள். நாடா மட்டும் இரைகிறது. பரிதியின் விரல் பொத்தானுக்குப் போகிறது. “இருங்க தம்பி” என்று தடுத்து, லியாகத் அலி டேப் ரிக்கார்டரை நோக்கிக் குனிகிறார்.

“சாப்பிட்டேன் புள்ள.”

“பொய் சொல்லாதீங்க” என்கிறாள் அவள்.