மீசையில் ஒட்டிய வெள்ளை

பக்கத்து வீட்டிலிருந்து திரும்பிய கிழட்டுப் பூனையைப் பார்த்ததும் சைனப்புக்குக் குமட்டியது. சுல்தானின் மீசையில் இன்றும் ஏதோ வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

"சீ! சர்க்கரை வியாதி வந்த பூனைக்குத் தயிர்சாதம்! மனுசங்களா இவங்க?"

"வாலாம்பாள் மாமிட்ட போய்ச் சொல்லேன்" என்றார் கணவர் ரஹ்மத்துல்லா.

"ரெண்டு வாரம் முந்தியே சண்டை போட்டுச் சொல்லியாச்சுல்லா. இனி அந்த மூஞ்சில முழிக்கவே அருவருப்பா இருக்கு."

திலக் நகர் கட்டடத்துக்கே பொதுவான பூனைதான். ஆனாலும் சோறு, பிஸ்கட்டை நிறுத்தி, அவித்த கோழி போட்டு, மெடிக்கலில் மலிவாய்க் கிடைத்த இன்சுலினை டாக்டர் சொன்ன கணக்கில் இரண்டு வேளையும் குத்துகிறவள் சைனப். அத்தனையையும் மாமி ஒரு கிண்ணத்தில் கெடுத்துவிடுகிறாள்!

அன்று மாலை சுல்தான் மாமி வீட்டு வாசலில் துவண்டு விழுந்தது.

"என்னத்தப் போட்டீங்க மாமி?" என்று சைனப் கத்தினாள்.

மாமி உள்ளிருந்து ஓடி வந்தாள். "நீ சண்டை போட்ட அன்னிக்கே தயிர்சாதத்தை நிறுத்திட்டேன்டி. வெறும் பனீர்தான். நேத்து வேற ஒரு டாக்டர்கிட்டயும் தூக்கிண்டு போனேன். ஊசி போடச் சொன்னார். இப்பத்தான் போட்டேன்."

மாமியின் கையில் அதே இன்சுலின் சீசா இருந்தது.

"அல்லாவே! நானும் இப்பத்தானே போட்டேன்! ஊசி போடுறத உங்கட்ட சொல்லவேயில்லியே! சீனி எடுங்க மாமி, சீக்கிரம்!"

சீனித் தண்ணீரை ஈறில் தடவத் தடவ, பூனை மெல்ல நக்கியது. சைனப்பின் விரலில் பனீர்த் துகள் ஒட்டியது.

"சீ!" என்றாள். இந்த முறை மாமியைச் சொல்லவில்லை.