ஓரிடம் தள்ளி

"கணக்குப் பரீட்சை நல்லாத்தான்பா எழுதினேன்" என்று அழுதாள் மகள்.

"அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? பதினெட்டு மார்க். என் முகத்துல முழிக்காதே" என்று திட்டித் தீர்த்துவிட்டு தேர்வு முடிவுகளைக் கணினியில் வெளியிடும் தன் அலுவலகத்துக்கு வந்தார் அப்பா.

மேலாளர் காத்திருந்தார். "சார், பரீட்சைக்கே வராத பொண்ணுக்குத் தொண்ணூத்தாறு காட்டுதாம்."

அப்பா புரோகிராமைத் திறந்தார். கோப்பில் ஒவ்வொரு தேர்வு எண்ணுக்கும் உரிய இடத்துக்குத் தாவிப் படிக்க வேண்டியது, ஓரிடம் தள்ளித் தாவி, அடுத்தவர் மதிப்பெண்ணைக் காட்டியிருந்தது. தொண்ணூற்றாறு அடுத்த எண்ணுக்கு உரியது. அது அவர் மகளின் எண்.

"இந்தப் புரோகிராமை யார் சார் எழுதினது?" என்றார் மேலாளர்.

"நான்தான்" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

வீட்டுக்குப் போன் செய்தார்.

"மன்னிச்சிடுங்கப்பா. அடுத்த தடவை பாஸாயிடுறேன்" என்றாள் மகள்.

"மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தாம்மா. நீ வாங்கினது தொண்ணூத்தாறு" என்றார் அப்பா.