நாலாவது பொட்டலம்

செங்கம் சாலைப் பள்ளி வாசலில் வறுத்த வேர்க்கடலை விற்கும் வெள்ளையம்மாளின் மடியைப் பார்த்ததும் கவிநிலாவுக்குப் பகீரென்றது. கவிநிலா எழுதிய சிறுவர் கதைப் புத்தகத்தைத்தான் அவர் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, போன வாரம் பத்து புக்கு எதுக்குக் குடுத்தேன்? பசங்களுக்குக் குடுங்கன்னுதானே?"

"குடுத்துனுதாம்மா இருக்கேன்."

"கிழிச்சா? ஒரு வார்த்தைக்கு ஒரு நாள் யோசிச்சு எழுதின கதை அக்கா அது."

வெள்ளையம்மாள் அசரவில்லை. "மொதல்ல ரெண்டு பேருக்கு முழுசா குடுத்தேன். பையில போட்டதோட சரி, தொறக்கவே இல்ல. மணி அடிக்கட்டும், நின்னு பாருங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் கடலைக் கூடையைச் சுற்றி மொய்த்தார்கள். ஒரு சிறுமி முண்டியடித்து முன்னால் வந்து காசை நீட்டினாள்.

"நேத்து எதுல வுட்ட?" என்று கேட்டார் வெள்ளையம்மாள்.

"யானை கிணத்துல எட்டிப் பாக்குது."

வரிசையாக அடுக்கியிருந்த தாள்களில் நாலாவதை உருவி, கடலையைப் போட்டு மடித்துக் கொடுத்தார். சிறுமி கடலையை அப்படியே சட்டைப் பையில் கொட்டிவிட்டு, தாளை விரித்து நின்ற இடத்திலேயே படித்தாள்.

"எனக்கு அஞ்சாவது" என்றான் அடுத்து நின்ற பையன்.

சிரிப்பு வரும் என்று நம்பி கவிநிலா எழுதிய வரியில், சிறுமி சரியாகச் சிரித்தாள்.

"உங்க கதையில ஒரே ஒரு கொறைதாம்மா" என்றார் வெள்ளையம்மாள், அடுத்த தாளை உருவிக்கொண்டே. "எட்டே தாள்ல முடிஞ்சிடுது. அடுத்தது கொஞ்சம் ஜாஸ்தியா எழுதுங்க."