மேலே வந்த சிங்கம்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் எழுந்த கைதட்டல் ஞானாபரணத்தின் வீடு வரைக்கும் கேட்டது. அவருக்கு வயிறு எரிந்தது.

"அது என் சிங்கம்டி!" என்றார் மனைவி ஐடாவிடம். "பாலர் கதையை நாடகமா எழுதலாம்னு இந்த ஊருக்குக் காட்டினவனே நான். முயல் சிங்கத்தை ஏமாத்திக் கிணத்துல குதிக்க வைக்கிற கதையைப் போன மாசம் நான் போட்டேன். அதையே இப்ப மாணிக்கராஜ் போடுறான். மெட்ராஸ் நாடகக் கம்பெனிக்காரங்க அவனைக் கூப்புடுறாங்க!"

"அவரு முடிவை மாத்திட்டாராமே?"

"மாத்தல, கெடுத்துட்டான். விழுந்த சிங்கத்தை முயலே கயிறு போட்டு மேல இழுக்குதாம். இன்னா கதை இது?"

"உங்க நாடகத்துல சிங்கம் விழுந்ததும் பசங்க எழுந்து ஓடினாங்களே, எங்க போனாங்கன்னு பாத்தீங்களா?"

"ரசனை இல்லாத பசங்க. வீட்டுக்கு ஓடியிருக்குங்க."

"இல்லீங்க. சுரங்கத்துல இறங்குற சாஃப்ட் குழி வாசலுக்கு ஓடினாங்க. அவங்க அப்பனுங்க எல்லாம் சுரங்கத்துக்குள்ள. குழியில விழுந்தவங்க திரும்ப வரமாட்டாங்கன்னு நீங்க காட்டிட்டீங்க. ஷிப்டு முடிஞ்சு ஆளுங்களை ஏத்திக்கினு கேஜு கூண்டு மேல வர்ற வரைக்கும் அழுதுக்கினு நின்னாங்க."

ஞானாபரணம் கைதட்டல் கேட்காதபடி ஜன்னலைச் சாத்தினார். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

"இது அவனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"அவரும் பசங்க பின்னாடியே ஓடினாரு," என்றாள் ஐடா. "நீங்க மேடையில பூமாலைக்குக் காத்துக்கினு இருந்தீங்க."