குறைய மறுத்த எண்

"ரத்தத்துல ஈயம் பத்துக்குக் கீழ இறங்கட்டும்பா, அப்புறம் பேத்தியத் தூக்கு" என்று என் மகள் கிர்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஈய உருக்காலையில் முப்பது வருடம் வெந்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தவன் நான். என் ரத்தத்தில் ஈயம் பதினாலு இருந்தது; வேர்த்தால் வெளியேறிவிடும் என்று நம்பினேன். ஃபின்லாந்துக்காரனுக்கு வேர்க்கச் சொல்லித்தர வேண்டுமா? நான் குடியேறிய சுரங்க ஊரான மவுண்ட் ஐசாவின் நாற்பது டிகிரி வெயிலில், கம்பளிச் சட்டையோடு கொல்லையைச் சுற்றி ஓடினேன். பிறகு சவுனா என்னும் எங்கள் ஊர் வேர்வைக் குளியல் அறையில் விறகடுப்பை மூட்டி, உள்ளேயே உட்கார்ந்தேன்.

"ஒரு பக்கம் வெந்ததும் திரும்பி உக்காருங்க" என்றாள் மனைவி ரைலி.

ஆறு வாரத்தில் எட்டுக் கிலோ இளைத்து, ரைலியோடு பரிசோதனைக்குப் போனேன்.

"இருபத்தொண்ணு" என்றாள் நர்ஸ் மார்லீன்.

"ஏறிடுச்சா? குடம் குடமா வேர்த்தேனேம்மா!"

"வேர்வையில கொஞ்சம்தான் போகும், எஸ்கோ. சும்மா இருந்திருந்தாலே இறங்கியிருக்கும். புதுசா எங்கிருந்தோ உள்ள போகுது. அடுப்புல என்ன எரிச்சீங்க?"

"நல்லாக் காஞ்ச மரம்தான். பேத்தி ரூமோட பழைய கதவு, ஜன்னல். நானே கழட்டினேன்."

"அத எதுக்குக் கழட்டினீங்க?"

"அந்தப் பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கு, குழந்தைக்கு ஆகாதுன்னு கிர்சி..."

ரைலி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன்; சிரிப்பு.

எங்கள் வீட்டிலேயே சுத்தமான இடம் இப்போது அந்த அறைதான். புதுக் கதவுக்கு வெளியே நின்று, பேத்திக்குக் கையாட்டிக்கொண்டிருக்கிறேன்.